பல்லில் கடித்த துணி

தெஜென்
1988 ஜூலை 9

ஓவெஸ் அண்ணா,

இந்த அகாலத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. வீடு அடங்கிய பிறகுதான் என் கை எனக்குச் சொந்தம். எழுத்து கோணலாக இருக்கும். மடியில் மெங்லி தூங்குகிறாள். கீழே கிடத்தினால் அலறி எழுந்துவிடுகிறாள், அதனால் அவள் முதுகின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன்.

மூன்று வருடமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கல்யாண லாரியில் ஏறும்போது நீ சொன்னாய்: "அங்க தண்ணியே கிடையாது. உன் திமிரு தானா காஞ்சு போயிடும்." அதற்கு எழுதாமல் இருப்பதுதான் பதில் என்று வைராக்கியமாக இருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன் என்றால் எனக்கு வேறு அண்ணன் இல்லை, அதனால்தான்.

நீ சொன்னதில் பாதி பொய். தண்ணீர் இருக்கிறது. எங்கள் வேலிக்குப் பின்னாலேயே ஓடுகிறது. ஆமு நதியிலிருந்து பாலைவனத்தைக் கிழித்துக்கொண்டு வரும் கால்வாய். இரண்டு கரையும் சிமெண்ட் சரிவு, சரிவெல்லாம் பாசி. விழுந்தவர் ஏறிவர மதகுப் பக்கம் தொங்கும் சங்கிலியை விட்டால் வழியில்லை. என் கணவரின் அண்ணன் கார்லிதான் மதகுக் காவல். பகலில் சுவரைத் தொட்டால் கை பொசுங்குகிறது. காற்று அடித்தால் அடுப்புவாயைத் திறந்தது போல. அந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு, ஓடுகிற தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இறங்காமல் இருக்க வேண்டும். நீ நிஜமாகவே தண்ணீர் இல்லாத ஊரில் என்னைத் தள்ளியிருந்தால் இதைவிடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

துணி துவைக்கும் தகரத் தொட்டியில் நம் கடல் போல உப்பைக் கரைத்து முகத்தை முக்கிக்கொண்டு கிடப்பேன். காது முங்கியதும் உலகம் வாயை மூடிக்கொள்ளுமே, அதற்காக. வீட்டில் மூத்தவர் அந்தக் கார்லிதான், அவர் மனைவி துவாக் அக்கா ஒருநாள் பார்த்துவிட்டாள். "ஏண்டி, உன் தலைய ஊறுகா போடுறியா?" என்று கேட்டாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

போன மாதம் அடுத்த வீட்டுப் பையன் கால்வாயில் விழுந்தான். ஐந்து வயது. பாசி வாருகிற கொக்கியால்தான் மூத்தவர் அவன் உடலை வெளியே இழுத்தார். கொக்கி கன்னத்தில் மாட்டியிருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மெங்லி ஓடக் கற்றுக்கொண்டுவிட்டாள், அண்ணா. ஓடினால் நேரே வேலிக்குத்தான் ஓடுகிறாள். நீந்தக் கற்றுக்கொடுக்காமல் நான் எப்படித் தூங்குவது?

நண்பகலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் அவளைச் சால்வையால் மார்போடு கட்டிக்கொண்டு சங்கிலியைப் பிடித்து இறங்கினேன். கணுக்கால்வரை பாவாடை, தலையில் துணி, எல்லாம் ஒழுங்காகத்தான். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கை நீச்சலை மறக்கவே இல்லை. மெங்லி தண்ணீரை அறைந்து அறைந்து சிரித்தாள். மூன்றாவது நாள் நிமிர்ந்து பார்த்தேன். மதகின் மேல் மூத்தவர் நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளையைப் பிடுங்கி துவாக் அக்காவிடம் கொடுத்தார். என் இரண்டு பின்னலையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு இழுத்து வந்தார். "கடக்கரை யோமுத் சாதிச் சிறுக்கி, மீன் நாத்தம் இன்னும் போகலையா உனக்கு? ஊரு ஆம்பளைங்க பாக்க ஈரத் துணியோட ஏறி வர்றியா? நீந்தணுமா? இந்தா, நீந்து!" ஆடுகள் குடிக்கும் தொட்டியில் என் தலையை அழுத்தினார்.

தூக்கினார். "தப்புன்னு சொல்லு. ஒரு வார்த்தை, விட்டுடறேன்." மறுபடி அழுத்தினார். மறுபடி தூக்கினார்.

அண்ணா, மூன்று வருடமாக அவர் முன்னால் தலைத்துணியின் முனையைப் பல்லில் கடிக்காமல் நான் நின்றதில்லை. ஒரு சொல் பேசியதில்லை. மருமகள் யாஷ்மக் கடித்தால் மூத்தவர் முன் வாய் திறக்கக் கூடாது, அவராகப் பரிசு கொடுத்து விடுவிக்கும்வரை. திறந்திருந்தால் இதே கைதான் என்னை அறைந்திருக்கும். அதே கை இப்போது பேசு, பேசு என்கிறது. நான் துணியை இன்னும் இறுக்கிக் கடித்தேன். நாலாவது முறை அழுத்தும்போது அவர் கை நடுங்கியது. எனக்கு முன்னால் அவருக்குத்தான் மூச்சு முட்டியது. "தூ! இது மனுஷி இல்ல, மீனு" என்று விட்டுவிட்டுப் போனார். மூக்கில் ரத்தம். உச்சந்தலையில் ஒரு பிடி முடி இல்லை. சற்று நேரத்தில் ஆடுகள் வந்து அந்தத் தண்ணீரையே குடித்தன.

மெங்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தண்ணீர்க் குவளையைக் கண்டாலே வீறிடுகிறாள். கால்வாய்க்கரையில் தண்ணீரைக் கண்டு மிரளுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வந்து எங்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போ.

அக்னபாத்


கிஸில்சு
ஜூலை 22

அக்னபாத்,

படகிலிருந்து இறங்கின கையோடு உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு வலைக் கம்பத்தை உதைத்தேன். கால் வீங்கிவிட்டது. அதற்கும் நீதான் காரணம்.

மூன்று வருடம் கழித்து எழுதுகிறாய். அண்ணன் இருக்கிறானா செத்தானா என்று ஒரு கேள்வி இல்லை. எடுத்ததும் திமிர், காய்ந்து போகும் என்று என் பேச்சையே என் மூஞ்சியில் எறிகிறாய். நீ படித்த காலேஜில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

கேள். உன்னைக் கோபத்தில் அங்கே அனுப்பவில்லை. கரையில் உன்னைப் பார்த்துச் சீட்டியடித்த கப்பல்காரனின் தாடையை உடைத்தேனே, அன்றைக்கு என் கை நின்றிருக்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்ததால் அவன் பிழைத்தான். நீ கடலை விடமாட்டாய், பார்க்கிறவன் பார்ப்பதை விடமாட்டான், என் கை அடிப்பதை விடாது. உன் கணவன் மெரெத் படையில் என்னோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவன். யார் மேலும் கை ஓங்கிப் பார்த்ததில்லை. அவன் வீட்டில் பத்திரமாக இருப்பாய் என்று நினைத்தேன்.

நீ கேட்பது சின்ன விஷயம் இல்லை. உன்னை அழைத்து வந்துவிடலாம். பிள்ளையை விடமாட்டார்கள். எங்கள் ரத்தம் என்று மண்வெட்டியைத் தூக்குவார்கள். நானும் வெறுங்கையோடு நிற்கிற ஆள் இல்லை. அந்த முற்றத்தில் ஒருத்தன் விழுவான். மெரெத் எரிவாயு வயலிலிருந்து லீவில் வரட்டும். அவனிடம் சொல். அதுவரை வாயை மூடிக்கொண்டு இரு.

இன்னொன்று. நாலாவது முறை எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தாய்? சின்ன வயதில் நான் படகை ஒரு சுற்று சுற்றி வரும்வரை அடியிலேயே கிடப்பாய். மூக்கில் ரத்தம் வந்தது என்றால் கடைசி மூச்சையும் விட்டிருக்கிறாய். கொஞ்சம் மிச்சம் வை, கொஞ்சம் மிச்சம் வை என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கேட்டால்தானே.

ஓவெஸ்


தெஜென்
ஆகஸ்ட் 12

அண்ணா,

மெரெத் வந்தார். சொன்னேன். நீ சொன்னபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

தலையில் முடி போன இடத்தைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். பிறகு, "அண்ணன்தான் கேட்டாராமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"பேசினா நாக்க அறுப்பாங்கன்னு உங்க வீட்லதானே சொல்லிக் குடுத்தீங்க? எந்த வார்த்தையச் சொல்லணும்? நீங்களே ஒண்ண எழுதிக் குடுத்துட்டுப் போங்க, அடுத்த தடவை படிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

அறைந்தார். யார் மேலும் கை ஓங்காதவர் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கைதான். அறைந்துவிட்டு அழுதார். அழாமல் இருந்திருந்தால் தேவலை. அடித்தவரை நான் உட்கார்ந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டே நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் போன மறுநாள் மூத்தவர் ஆட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து மெங்லியின் கணுக்காலில் கட்டி, மறுமுனையை முற்றத்துக் கட்டில் காலில் முடிந்தார். "இனிமே கால்வாய்ப் பக்கம் போகாது, பாரு. நீச்சலும் வேணாம், கீச்சலும் வேணாம்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கட்டிலைப் பார்த்துச் சொன்னார். ரொட்டிக் கத்தியால் அறுத்துவிட்டேன். மறுநாள் கம்பியால் கட்டினார். கம்பி, அண்ணா. புண் வட்டமாக வந்திருக்கிறது. ஈ மொய்க்கிறது. நாள் முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிழல் நகரும்போது அவளால் கூடவே நகர முடியவில்லை. கட்டிலைத்தான் இழுத்துப் போடுகிறேன்.

துவாக் அக்கா மெதுவாக வந்து புண்ணில் கொழுப்பைத் தடவினாள். "அழாத. எம் பொண்ணையும் இப்படித்தான் கட்டி வளத்தேன். பொழச்சுக்கிட்டால்ல?" என்றாள். பிறகு அவளாகவே, "நடக்கும்போது இடது கால இழுப்பா. பாத்திருப்பியே" என்றாள்.

பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன்.

இனி யார் வருவதற்கும் நான் காத்திருக்க முடியாது. நீ வா. கத்தி வேண்டாம், வண்டி வேண்டும். உன் கையைத் தவிர வேறு எதற்கும் நான் பயப்படவில்லை.

அக்னபாத்


கிஸில்சு
ஆகஸ்ட் 22

அக்னபாத்,

வரும் வியாழன் இல்லை, அதற்கடுத்த வியாழன் புறப்படுகிறேன். மீன் லாரி. டிரைவர் நம் ஆள்தான், எதையும் கேட்கமாட்டான். வெள்ளி மதியத்துக்குள் வந்துவிடுவேன். பிள்ளைக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள், பெட்டி கிட்டி வேண்டாம்.

கத்தி கொண்டுவரவில்லை. படகுக் கொக்கி எப்போதும் லாரியில்தான் கிடக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

கம்பி என்று எழுதியிருந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்கிறாய். தினமும் அதையே எடுத்துப் பார்க்கிறேன்.

ஓவெஸ்


கிஸில்சு
செப்டம்பர் 7

அக்னபாத்,

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் உன் பல் இருக்கிறது. கட்டைவிரல் மடங்கவில்லை. வீங்கிச் சீழ் பிடித்திருக்கிறது. நர்ஸ் "எந்த நாய்?" என்று கேட்டாள். என் தங்கை என்று சொன்னேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நான் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். மதகுப் பலகையில் நின்ற கார்லியிடம் போய், "தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன், வழி விடுங்க" என்றேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கூட்டிட்டுப் போ. கரையில நிறுத்து. அங்கதான் கிராக்கி அதிகம்." அதற்குப் பிறகுதான் கொக்கி. அதற்கும் முன்னால் அவன் மண்வெட்டி என் தோளில் இறங்கிவிட்டது. எலும்பு தெரிந்தது. இருவரும் கட்டிப் புரண்டு தண்ணீரில் விழுந்தோம்.

விழுந்ததும் தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் தண்ணீரைக் காவல் காத்த தடியனுக்கு நீந்தத் தெரியாது! என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். பிரித்தெடுத்துத் தலையை அழுத்தினேன். தொட்டியில் அவன் உனக்குச் செய்ததைத்தான் செய்தேன், கூட ஒன்றும் செய்யவில்லை. நீ கரையிலிருந்து குதித்ததைப் பார்த்தேன். முழுத் துணியோடு எதிர்நீரில் வந்தாய். எனக்கு உதவத்தான் வருகிறாய் என்று நினைத்தேன், மடையன்.

என் கையைக் கடித்தாய். நான் விடவில்லை, எலும்புவரை கடித்தாய். பிறகு "போ! போய்த் தொலை!" என்று கத்தினாய். ஊரே மண்வெட்டியோடு ஓடி வந்தது. டிரைவர் என்னைச் சங்கிலியிலிருந்து அள்ளி லாரியில் போட்டான். கல்லெறிந்ததில் முன்கண்ணாடி போயிற்று. வழியெல்லாம் மணலையும் ரத்தத்தையும் தின்றுகொண்டு வந்தேன்.

உன் தலைமுடியைப் பிடுங்கினவன் உனக்கு வேண்டியவன் ஆகிவிட்டான். சரி, வைத்துக்கொள். இந்த வாசல்படியில் ஏறாதே.

உன் நீச்சல் கெடவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஓவெஸ்


தெஜென்
செப்டம்பர் 18

அண்ணா,

மறுபடியும் அகாலம்தான். பொறுத்துக்கொள். உன் கடிதம் நேற்று வந்தது. பகலில் படிக்கத் தைரியம் வரவில்லை.

நான் கடித்தது உன்னைக் காப்பாற்ற. மூத்தவர் உன் கையில் செத்திருந்தால் உன்னை அன்றைக்கே அங்கேயே மண்வெட்டியால் வெட்டிப் போட்டிருப்பார்கள். தப்பினாலும் ஜெயில். கொலைகாரன் தங்கச்சி என்று என்னைத் துரத்திவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பார்கள். கம்பியோடு. உன் கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது என்று நீயே எழுதினாய். அதை நிறுத்த அந்தத் தண்ணீரில் என்னிடம் பல்தான் இருந்தது.

மீதியை நீ பார்க்கவில்லை. உன்னை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரே உன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மதகின் நிழலில் அவர் சட்டைக் கழுத்து என் கையில் இருந்தது.

நான் உடனே தூக்கவில்லை.

தண்ணீருக்குள் அவர் கண் திறந்திருந்தது. அந்தப் பழுப்பிலும் நன்றாகத் தெரிந்தது. தன்னைப் பிடித்து வைத்திருப்பது கால்வாய் இல்லை, வீட்டு மருமகள் என்று அவருக்கும் தெரிந்தது. காலால் என்னை உதைத்தார். உதை மெத்தென்று விழுந்தது. பிறகு தலையை மேலே தூக்கினேன். யாஷ்மக் உன் கையைக் கடிக்கும்போதே வாயிலிருந்து நழுவித் தண்ணீரோடு போயிருந்தது. இத்தனை வருடத்தில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியாது. கூப்பிடாமலேயே சொன்னேன்.

"தப்புன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. விட்டுடறேன்."

மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் தண்ணீரைக் கக்கினார், சொல்லவில்லை. மறுபடி அழுத்தினேன். அண்ணா, என் கை நடுங்கவில்லை. இரண்டாவது முறை தூக்கியதும் சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னார். என் தோளில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "தப்பு, தப்பு, இழுத்துப் போடும்மா" என்றார். சங்கிலிவரை இழுத்துக்கொண்டு போனேன்.

அதற்குள் ஊர் திரும்பிவிட்டது. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது என்ன? அண்ணனைக் கடித்துத் துரத்திவிட்டு மூத்தவரைக் காப்பாற்றிய மருமகள். கிழவர்கள்கூட "வளர்த்தா இப்படி வளர்க்கணும்" என்றார்கள். ஈரத் துணியோடு ஏறி வந்தேன், ஒருத்தர் வாயிலும் ஒரு சொல் இல்லை. மூத்தவர் கரையில் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவரும் நானும் மட்டுமே அறிந்ததைச் சொல்ல அவரால் முடியாது. சொன்னால், பெண்பிள்ளையிடம் கெஞ்சினதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாள் துவாக் அக்கா கையில் சிவப்புச் சால்வை கொடுத்து அனுப்பினார். விடுவிக்கிற பரிசு. "இனிமே நீ அவர்கிட்ட பேசலாமாம்" என்றாள் அக்கா. "பேசியாச்சு அக்கா, அவரையே கேளுங்க" என்று சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் சால்வையை மடித்து இடுக்கிக்கொண்டு போனாள். அன்று மாலை அவர் குறடோடு வந்து மெங்லியின் கால் கம்பியை வெட்டினார். அவளைத் தொடாமல், என்னைப் பார்க்காமல்.

தந்தி பார்த்து மெரெத் வந்தார். அவர் அண்ணன் முன்னாலேயே, தலைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னேன். நானும் பிள்ளையும் கடற்கரைக்குப் போகிறோம் என்று. "பிள்ளை எங்க வீட்டுப் பிள்ளை! நீ எங்க வேணா போ!" என்று மெரெத் குதித்தார். ஆதரவுக்கு அண்ணனைப் பார்த்தார். மூத்தவர் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "போகட்டும்" என்றார். மெரெத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவருக்கு எப்போதுமே புரிவதில்லை.

மூத்தவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதே. பயந்திருக்கிறார். இந்த வெயிலில் பயம் ரொம்ப நாள் கெடாமல் இருக்காது. தேநீர்க் கடையில் எவனாவது "நீச்சல் எப்படி?" என்று கேட்டுச் சிரித்தால் தீர்ந்தது, கம்பி திரும்பி வரும். நேற்று மதகுப் பக்கம் போய்ப் பாசி வாருகிற கொக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு எதற்கு எண்ணெய்?

அதனால் உன் வாசலைப் பற்றிக் கேட்கிறேன். ஏறாதே என்று எழுதியிருக்கிறாய். உன் கையைச் சீழ் பிடிக்க வைத்தவள் நான், நீ எழுதலாம். ஆனால் பிள்ளையோடு நான் இறங்க வேறு ஸ்டேஷன் இல்லை.

வந்தால் நான் நீந்துவேன். இப்போதே சொல்லிவிடுகிறேன். மெங்லிக்கும் நீதான் கற்றுத்தர வேண்டும். இன்னும் குவளையைக் கண்டு அலறுகிறாள், இன்று ஈரத் துணியால்தான் முகம் துடைத்தேன். எனக்குச் செய்தாயே, படகு ஓரமாகத் தூக்கிப் போட்டு, "வா, வா, கை போடு" என்று சிரித்தாயே, அது அவளுக்கு வேண்டாம். அவள் தலையில் மட்டும் கை வைக்காதே. எவனாவது கரையில் நின்று பார்த்தால் பார்க்கட்டும். சீட்டியடித்தாலும் அடிக்கட்டும். நீ உன் கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள். போட முடியாது என்றால் அதையும் எழுது, இப்போதே எழுது.

கையை உப்புத் தண்ணீரில் ஊற வை. ஆறிவிடும்.

பதில் கிடைத்த மறுநாளே ரயில் ஏறிவிடுவேன். வா என்றாலும் வராதே என்றாலும் சீக்கிரம் பதில் எழுது.

அக்னபாத்